ஆங்கிலப் பாஸிவ் வாக்கியத்தில் ஆல்வேஸ், ஆஃபன், நெவர் எங்கே வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண வாக்கியத்தில் ஆல்வேஸ், யூஷுவலி போன்ற சொற்களைச் சரியாக வைக்கிறவர்கள்கூட, வாக்கியம் பாஸிவுக்கு (அதாவது செயப்பாட்டுவினைக்கு) மாறியதும் தடுமாறுவதுண்டு. உண்மையில் இடம் பற்றிய விதி ஒன்றே ஒன்றுதான். அதை இரண்டு மூன்று கேள்விகளில் முடித்துவிடலாம். பெரிய குழப்பம் அர்த்தத்தில் இருக்கிறது: அந்தச் சொல் எதை எண்ணிச் சொல்கிறது என்பதில். அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம். ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காது பழகிவிடும்.

எந்தெந்தச் சொற்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரு காரியம் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று சொல்லும் வினையடைகளைப் பற்றி. எப்போதும் நடப்பதில் தொடங்கி நடக்கவே நடக்காததுவரை வரிசைப்படுத்தினால் ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், அக்கேஷனலி, ரேர்லி, செல்டம், ஹார்ட்லி எவர், நெவர் என்று வரும். நார்மலி, ஜெனரலி இரண்டும் கிட்டத்தட்ட யூஷுவலிதான். ஃப்ரீக்வென்ட்லி என்பது ஆஃபனின் கொஞ்சம் விறைப்பான வடிவம்.

சில பாடநூல்கள் ஆல்வேஸ் என்றால் 100 சதவீதம், யூஷுவலி என்றால் 90 என்று அட்டவணை போடும். மனத்தில் பதிய உதவும், அவ்வளவுதான். யாரும் சதவீதம் பார்த்துப் பேசுவதில்லை.

சரி, அந்த ஒரே விதி என்ன?

முதல் துணைவினைக்கு அடுத்த இடம்.

பாஸிவ் வாக்கியத்தில் குறைந்தது ஒரு துணைவினையாவது இருந்தே தீரும் (‘கெட்’ வைத்துச் சொல்வது மட்டும் வேறு, அதைப் பிறகு பார்ப்போம்). இஸ், ஆர், வாஸ், வேர் போன்ற ஏதாவது ஒன்று. அதற்குப் பின்னால் முக்கிய வினையின் மூன்றாம் வடிவம் வரும் (கோ, வென்ட், கான் வரிசையில் ‘கான்’ எப்படியோ அப்படி). இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது அல்லவா, வினையடை அங்கேதான் உட்காரும்.

‘தி ரூம் இஸ் ஆல்வேஸ் கிளீன்ட்.’ ‘தி டோர்ஸ் ஆர் யூஷுவலி லாக்ட் அட் டென்.’ ‘ஹி வாஸ் நெவர் பெய்ட்.’

செய்வினையில் ‘ஷீ ஆல்வேஸ் கிளீன்ஸ் தி ரூம்’ என்கிறோம். அங்கே துணைவினை இல்லாததால் வினையடை முக்கிய வினைக்கு முன்னால் நிற்கிறது. பாஸிவிலும் முக்கிய வினைக்கு முன்னால்தான் நிற்கிறது, நடுவில் ஒரு ‘இஸ்’ வந்து சேர்ந்துவிட்டது, அவ்வளவே. பாஸிவுக்கென்று தனி விதி எதுவும் இல்லை.

‘தி ரூம் ஆல்வேஸ் இஸ் கிளீன்ட்’, ‘தி ரூம் இஸ் கிளீன்ட் ஆல்வேஸ்’ என்றுதான் எனக்கு வாயில் வருகிறது. ஏன்?

தமிழ்ப் பழக்கம்தான் காரணம். ‘சுத்தம் செய்யப்படுகிறது’ என்பதில் கடைசிச் சொல்லைப் பாருங்கள். செய், படு, நிகழ்காலம், அஃறிணை ஒருமை எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. செய்யப்-க்கும் படுகிறது-க்கும் நடுவில் ‘எப்போதும்’ நுழைய முடியாது. ‘இந்த அறை எப்போதும் சுத்தம் செய்யப்படுகிறது’, ‘எப்போதும் இந்த அறை சுத்தம் செய்யப்படுகிறது’ என்று வினைக்கு வெளியேதான் அது சுற்றிவரும்.

அந்தக் கண்ணோடு ஆங்கிலத்தைப் பார்க்கும்போது ‘இஸ் கிளீன்ட்’ என்பதையும் பிரிக்கக்கூடாத ஒரே வினையாக எடுத்துக்கொள்கிறோம். அதனால் வினையடையை அதற்கு முன்னாலோ பின்னாலோ தள்ளிவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு அது இரண்டு சொல், நடுவே கதவு திறந்துதான் இருக்கிறது. இதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பாதிப் பிழை தானாகப் போய்விடும்.

துணைவினை இரண்டு மூன்று இருந்தால்?

விதி மாறாது, முதலாவதற்குப் பின்னால்தான்.

‘ஹேஸ் பீன்’ என்றால் ‘ஹேஸ்’-க்குப் பின்: ‘திஸ் ரூல் ஹேஸ் ஆஃபன் பீன் பிரோக்கன்.’ ‘ஷுட் பி’ என்றால் ‘ஷுட்’-க்குப் பின்: ‘மெடிசின்ஸ் ஷுட் ஆல்வேஸ் பி கெப்ட் அவே ஃப்ரம் சில்ட்ரன்.’ மூன்று துணைவினை உள்ள ‘குட் ஹேவ் பீன்’ போன்ற நீளமான கோர்வையிலும் அப்படியே: ‘இட் குட் நெவர் ஹேவ் பீன் பிரெடிக்டட்.’ யாராலும் முன்கூட்டியே சொல்லியிருக்கவே முடியாது என்று பொருள்.

மருந்துச் சீட்டு, கருவிக் கையேடு, பாதுகாப்பு அறிவிப்பு இவற்றையெல்லாம் படித்துப் பாருங்கள். ‘மஸ்ட் நெவர் பி’, ‘ஷுட் ஆல்வேஸ் பி’ என்ற இரண்டு கோர்வைகளும் திரும்பத் திரும்ப வரும். அவற்றை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

‘ஹேஸ் பீன் ஆஃபன் பிரோக்கன்’ என்று எங்கோ படித்தேனே, அது தப்பா?

தப்பு என்று அடித்துவிட முடியாது. நல்ல எழுத்திலும் அங்கங்கே தென்படும். ஆனால் ‘ஹேஸ் ஆஃபன் பீன்’தான் இயல்பான வரிசை. தேர்வு எழுதுகிறவர்கள் சந்தேகமே இல்லாமல் அதையே எழுதலாம். நெவர் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ‘ஹேஸ் பீன் நெவர் சீன்’ காதில் இடிக்கும், ‘ஹேஸ் நெவர் பீன் சீன்’ என்றே சொல்லுங்கள்.

‘கேர்ஃபுலி’, ‘பேட்லி’ போன்றவையும் அதே வாக்கியத்தில் வந்தால் யாருக்கு எந்த இடம்?

எப்படி நடந்தது என்று சொல்லும் வினையடை முக்கிய வினையை ஒட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு அடிக்கடி என்று சொல்வது முன்னால், முதல் துணைவினைக்குப் பக்கத்தில் நிற்கும். ‘தி ரிசல்ட்ஸ் ஆர் ஆல்வேஸ் கேர்ஃபுலி செக்ட்.’ துணைவினை இரண்டானால் இரண்டு வினையடையும் பிரிந்து தத்தம் இடத்துக்குப் போய்விடுவது அழகாகத் தெரியும்: ‘திஸ் ஹேஸ் நெவர் பீன் பிராப்பர்லி எக்ஸ்ப்ளெயின்ட்.’ நெவர் ‘ஹேஸ்’-ஐப் பிடித்துக்கொண்டது, பிராப்பர்லி ‘எக்ஸ்ப்ளெயின்ட்’-ஐப் பிடித்துக்கொண்டது.

‘எவ்ரி டே’, ‘ட்வைஸ் அ வீக்’ இவற்றையும் நடுவில் வைக்கலாமா?

கூடாது. இத்தனை தடவை என்று கணக்காகச் சொல்லும் தொடர்கள் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும். ‘தி ஃபில்டர் இஸ் சேஞ்ட் ட்வைஸ் அ இயர்.’ யாரால் என்பதும் வந்தால், அதற்கும் பின்னால்: ‘தி பூல் இஸ் கிளீன்ட் பை வாலன்டியர்ஸ் எவ்ரி வீக்.’ அழுத்தம் வேண்டுமானால் வாக்கியத்தின் தலையிலும் வைக்கலாம்.

இரண்டு வகையும் ஒரே வாக்கியத்தில் வருவதும் உண்டு: ‘தி ஃபில்டர் இஸ் யூஷுவலி சேஞ்ட் ட்வைஸ் அ இயர்.’ வழக்கமாக வருஷத்துக்கு இரண்டு தடவை, சில வருஷம் முன்பின் ஆகலாம்.

வாக்கியத்தை இந்தச் சொற்களால் தொடங்கலாமா?

சம்டைம்ஸ், யூஷுவலி, அக்கேஷனலி, நார்மலி ஆகியவற்றால் தாராளமாகத் தொடங்கலாம். ‘சம்டைம்ஸ் தி லெட்டர்ஸ் ஆர் சென்ட் டு தி ராங் அட்ரஸ்.’ ஆஃபனாலும் தொடங்கலாம். ஆல்வேஸால் முடியாது. ‘ஆல்வேஸ் கீப் திஸ் டோர் குளோஸ்ட்’ என்று கட்டளையில் வருவது வேறு விஷயம்.

நெவர், ரேர்லி, செல்டம் மூன்றும் தலைக்கு வரலாம், ஆனால் வந்தால் ஒரு விலை உண்டு. துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவிவிட வேண்டும், கேள்வி கேட்பதுபோல. ‘ரேர்லி ஆர் தீஸ் பேர்ட்ஸ் சீன் இன் சம்மர்.’ ‘நெவர் ஹேஸ் ஸச் அ ஸ்டார்ம் பீன் ரெக்கார்டட்.’ மேடைப் பேச்சிலும் கட்டுரையிலும் கம்பீரமாக இருக்கும். அன்றாடப் பேச்சில் இப்படிச் சொன்னால் வசனம் பேசுவதுபோல் ஆகிவிடும். எனக்கென்னவோ, ஒரு கட்டுரையில் ஒருமுறைக்கு மேல் இதைப் பயன்படுத்தினால் சலித்துவிடுகிறது.

‘நாட்’ சேரும்போது வினையடை முன்னாலா, பின்னாலா?

இரண்டும் உண்டு, ஆனால் அர்த்தம் மாறிவிடும். இங்கே நிதானமாகப் பாருங்கள்.

‘தி ரூம் இஸ் நாட் ஆஃபன் கிளீன்ட்.’ அடிக்கடி சுத்தம் செய்வதில்லை. அதாவது சுத்தம் செய்வது அபூர்வம்.

‘தி ரூம் இஸ் ஆஃபன் நாட் கிளீன்ட்.’ பல நாள் சுத்தம் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். மற்ற நாளில் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்றுகூட இருக்கலாம்.

எது முன்னால் நிற்கிறதோ அது பின்னால் வருவதைத் தன் பிடிக்குள் எடுத்துக்கொள்கிறது. முதல் வாக்கியத்தில் ‘நாட்’ ஆஃபனை மறுக்கிறது. இரண்டாவதில் ஆஃபன், சுத்தம் செய்யாத நாட்களை எண்ணுகிறது.

ஆல்வேஸ் எப்போதும் ‘நாட்’-க்குப் பின்னால்: ‘தி ரூம் இஸ் நாட் ஆல்வேஸ் கிளீன்ட்.’ எப்போதும் என்று சொல்ல முடியாது, சில நாள் விட்டுப்போகும். ‘இஸ் ஆல்வேஸ் நாட் கிளீன்ட்’ என்று சொல்ல நினைத்தால், நீங்கள் தேடும் சொல் நெவர். சம்டைம்ஸ் இதற்கு நேர் எதிர், ‘நாட்’-க்கு முன்னால்தான் நிற்கும்: ‘தி பில் இஸ் சம்டைம்ஸ் நாட் சென்ட்.’ யூஷுவலியை எந்தப் பக்கம் வைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான்.

நெவர், ரேர்லி, செல்டம், ஹார்ட்லி எவர் இவற்றோடு ‘நாட்’ சேர்க்க வேண்டாம். மறுப்பு அவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

‘நோபடி எவர் கிளீன்ஸ் திஸ் ரூம்’ என்பதைப் பாஸிவாக மாற்றச் சொன்னார்கள். ‘எவர்’ எங்கே போகும்?

‘திஸ் ரூம் இஸ் நெவர் கிளீன்ட்.’ எழுவாயாக இருந்த ‘நோபடி’ வாக்கியத்தைவிட்டு வெளியேறுகிறது. போகும்போது தன் மறுப்பை விட்டுவிட்டுப் போகிறது. அந்த மறுப்பும் ‘எவர்’-உம் ஒட்டி நெவர் ஆகிவிடுகின்றன. ‘திஸ் ரூம் இஸ் எவர் கிளீன்ட் பை நோபடி’ என்று இயந்திரம்போல் மாற்றினால் ஆங்கிலமே இல்லை.

இதே பாணியில் ‘நோபடி எவர் டோல்ட் மீ’ என்பது ‘ஐ வாஸ் நெவர் டோல்ட்’ ஆகும். ‘வெரி ஃப்யூ பீப்புள் எவர் யூஸ் திஸ் டோர்’ என்பதை ‘திஸ் டோர் இஸ் செல்டம் யூஸ்ட்’ என்றால் கச்சிதம். இடம் மாற்றும் பயிற்சி என்று நினைத்து இதைச் செய்யக்கூடாது. வாக்கியம் என்ன சொல்கிறது என்று முதலில் பிடித்துக்கொண்டு, அதைப் பாஸிவில் சொல்ல வேண்டும்.

‘தி லெட்டர் வாஸ் நெவர் சென்ட்’ என்கிறார்கள். ஒரு கடிதத்தை ஒரு தடவைதானே அனுப்ப முடியும், அங்கே நெவருக்கு என்ன வேலை?

இந்த இடத்தில் நெவர் தடவைகளை எண்ணவில்லை. கடைசிவரை நடக்கவேயில்லை என்று சொல்கிறது. எழுதி வைத்தார்கள், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி, ஆனால் அனுப்பாமலே போயிற்று. ‘தி லெட்டர் வாஸ் நாட் சென்ட்’ என்றால் வெறும் தகவல். ‘வாஸ் நெவர் சென்ட்’ என்றால் எதிர்பார்ப்பும் அது பொய்த்ததும் சேர்ந்தே வருகின்றன.

பாஸிவில் இந்த நெவர் மிகவும் சகஜம். ‘தி மணி வாஸ் நெவர் ஃபவுண்ட்.’ ‘தி பிரிட்ஜ் வாஸ் நெவர் ஃபினிஷ்ட்.’ ‘ஹி வாஸ் நெவர் சீன் அகெய்ன்.’ செய்தது யார், தேடியது யார் என்பது பொருட்டில்லாமல், நடக்காமல் போனது மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் குற்றக் கதைகளிலும் வரலாற்று நூல்களிலும் இந்த அமைப்பு இவ்வளவு வருகிறது.

‘வாஸ் ஒன்ஸ் யூஸ்ட்’, ‘வாஸ் யூஸ்ட் ஒன்ஸ்’ இரண்டும் ஒன்றா?

இல்லை, நன்றாகக் கேட்டீர்கள். ‘தி ஹால் வாஸ் ஒன்ஸ் யூஸ்ட் அஸ் அ ஸ்கூல்’ என்றால் ஒரு காலத்தில் அந்தக் கூடம் பள்ளிக்கூடமாக இருந்தது. பத்து வருஷம் இருந்திருக்கலாம். ‘தி ஹால் வாஸ் யூஸ்ட் ஒன்ஸ்’ என்றால் ஒரே ஒரு தடவை பயன்பட்டது. இடம் மாறியதும் பொருளே மாறிவிட்டது. ‘ட்வைஸ்’-க்கு இந்தச் சிக்கல் கிடையாது.

‘ஷிப்ஸ் ஆர் யூஷுவலி பில்ட் ஆஃப் ஸ்டீல்’ என்பதில் ‘வழக்கமாக’ எதைக் குறிக்கிறது? ஒரு கப்பலைத் திரும்பத் திரும்பக் கட்டுவார்களா?

கட்டமாட்டார்கள். ஒவ்வொரு கப்பலையும் ஒரு தடவைதான் கட்டுகிறார்கள். இங்கே யூஷுவலி எண்ணுவது கப்பல்களை: பெரும்பாலான கப்பல்கள் எஃகால் ஆனவை. தமிழில் ‘கப்பல்கள் பெரும்பாலும் எஃகால் கட்டப்படுகின்றன’ என்னும்போது நாமும் இதையேதான் செய்கிறோம், கவனிப்பதில்லை.

பாஸிவில் எழுவாய் பன்மையாகவும் பொதுவாகவும் இருக்கும்போது இந்த வேலை அடிக்கடி நடக்கும். ‘தீஸ் வேர்ட்ஸ் ஆர் ஆஃபன் மிஸ்ஸ்பெல்ட்’ என்றால் இந்தச் சொற்களில் பலவற்றைத் தப்பாக எழுதுகிறார்கள் என்றும் எடுக்கலாம், ஒவ்வொன்றையும் பல தடவை தப்பாக எழுதுகிறார்கள் என்றும் எடுக்கலாம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதபோது யாரும் கவலைப்படுவதில்லை. வித்தியாசம் முக்கியம் என்றால் ‘மெனி ஆஃப் தீஸ் வேர்ட்ஸ்’ என்று எழுவாயிலேயே எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். அறிவியல் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இது அவசியம்.

‘வி வேர் நெவர் டோல்ட் டு ஓபன் இட்’, ‘வி வேர் டோல்ட் நெவர் டு ஓபன் இட்’: இதில் எது சரி?

இரண்டுமே இலக்கணப்படி சரி. ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொன்னால் வம்பு.

முதலாவது: திறக்கும்படி எங்களிடம் யாரும் சொல்லவேயில்லை. இரண்டாவது: ஒருபோதும் திறக்கக்கூடாது என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். நெவர் ‘டோல்ட்’-ஐப் பிடித்தால் சொல்வது நடக்கவில்லை. ‘டு ஓபன்’-ஐப் பிடித்தால் திறப்பது நடக்கக்கூடாது.

செட், டோல்ட், ஆஸ்க்ட், பிலீவ்ட், எக்ஸ்பெக்டட் போன்ற வினைகள் பாஸிவில் வரும்போதெல்லாம் இந்த எச்சரிக்கை வேண்டும். ஏனென்றால் அங்கே இரண்டு வினைகள் இருக்கின்றன, வினையடை எதோடு வேண்டுமானாலும் சேரலாம். ‘இட் இஸ் ஆஃபன் செட் தட் ஹி இஸ் லேட்’ என்றால் அவர் தாமதமாக வருவதைப் பற்றிப் பலரும் அடிக்கடி சொல்கிறார்கள். ‘இட் இஸ் செட் தட் ஹி இஸ் ஆஃபன் லேட்’ என்றால் அவர் அடிக்கடி தாமதமாக வருவாராம். முதலாவதில் பேச்சு அடிக்கடி, இரண்டாவதில் தாமதம் அடிக்கடி. ‘ஹி இஸ் ஆஃபன் செட் டு பி லேட்’ என்று சுருக்கினாலும் ஆஃபன் ‘செட்’-ஐத்தான் பிடிக்கும்.

‘இட் இஸ் ஆஃபன் செட்’, ‘இட் இஸ் ஜெனரலி பிலீவ்ட்’, ‘இட் இஸ் சம்டைம்ஸ் கிளெய்ம்ட்’ என்று கட்டுரை தொடங்குவது மாணவர்களுக்குப் பிடித்த வழி. யார் சொன்னார்கள் என்று சொல்லாமல் தப்பிக்கலாம் என்பதால்தான் பிடிக்கிறது. ஒன்றிரண்டு இடத்தில் போதும். பத்திக்குப் பத்தி வந்தால் படிக்கிறவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

‘ஐ ஆம் ஆல்வேஸ் பீயிங் ஆஸ்க்ட்’ என்பது ‘ஐ ஆம் ஆல்வேஸ் ஆஸ்க்ட்’ என்பதிலிருந்து எப்படி வேறுபடும்?

‘ஐ ஆம் ஆல்வேஸ் ஆஸ்க்ட் திஸ் கொஸ்டியன்’ என்றால் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி வரும். ‘பீயிங்’ சேர்த்து ‘ஐ ஆம் ஆல்வேஸ் பீயிங் ஆஸ்க்ட் திஸ்’ என்றால் ‘எப்பப் பார்த்தாலும் இதையே கேட்கிறாங்க’ என்ற சலிப்பு. இங்கே ஆல்வேஸ் ‘ஒவ்வொரு முறையும்’ என்ற அளவான பொருளை விட்டுவிட்டு, ஓயாமல் என்ற மிகைக்குப் போய்விடுகிறது. ‘கான்ஸ்டன்ட்லி’, ‘ஃபாரெவர்’ இரண்டும் இதே வேலையைச் செய்யும். சலிப்பு கட்டாயமில்லை: ‘தி மேப் இஸ் கான்ஸ்டன்ட்லி பீயிங் அப்டேட்டட்’ என்பதில் குறை ஒன்றும் இல்லை.

மற்ற வினையடைகள் ‘பீயிங்’-ஓடு அவ்வளவாகச் சேராது. ஒரு குறிப்பிட்ட நேரத்தைச் சொன்னால் சேரும்: ‘வென் ஐ அரைவ், தி ஃப்ளோர் இஸ் யூஷுவலி பீயிங் மாப்ட்.’ நான் போய்ச் சேரும் நேரத்தில் பெரும்பாலும் தரை துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

‘தி ஷாப் இஸ் ஆல்வேஸ் குளோஸ்ட்’: இது பாஸிவா?

பெரும்பாலும் இல்லை. கடை எப்போது போனாலும் மூடியே கிடக்கிறது என்று நிலையைச் சொல்கிறது. ‘குளோஸ்ட்’ இங்கே பெயரடைபோல நிற்கிறது. ‘தி ஷாப் இஸ் ஆல்வேஸ் குளோஸ்ட் அட் நைன் பை தி மேனேஜர்’ என்றால் ஒன்பது மணிக்கு மேலாளர் மூடுகிறார் என்ற செயல் வந்துவிடுகிறது, இது பாஸிவ். நேரமும் ஆளும் வந்தால் செயல், வராவிட்டால் பெரும்பாலும் நிலை. லாக்ட், பிரோக்கன், ஷட் எல்லாவற்றுக்கும் இதே கதை. இடம் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் எழுதுவதில் பிழை வராது, புரிந்துகொள்வதில்தான் வரும்.

‘கெட்’ வைத்துப் பாஸிவ் சொல்லும்போது?

இங்கே விதி மாறுவதுபோல் தெரியும். ‘ஹி ஆஃபன் கெட்ஸ் இன்வைட்டட்’ என்பதே சரி, ‘ஹி கெட்ஸ் ஆஃபன் இன்வைட்டட்’ அல்ல. காரணம், ‘கெட்’ துணைவினைபோல் நடந்துகொள்வதில்லை. கேள்வி கேட்கும்போது ‘டஸ் ஹி கெட் இன்வைட்டட்?’ என்று ‘டஸ்’ தேவைப்படுகிறது பாருங்கள். அதனால் சாதாரண வினைக்கு முன்னால் நிற்பதுபோல் வினையடை அதற்கு முன்னால் நிற்கிறது. உண்மையான துணைவினை ஒன்று வந்துவிட்டால் பழையபடி அதற்குப் பின்னால்: ‘ஹி ஹேஸ் நெவர் காட் காட்.’ முதல் ‘காட்’ கெட்டின் மூன்றாம் வடிவம், இரண்டாவது ‘கேட்ச்’-இன் மூன்றாம் வடிவம். உச்சரிக்கச் சிரிப்பாக இருக்கும், அவர் மாட்டியதே இல்லை என்று பொருள்.

‘ஹேஸ் டு பி’, ‘யூஸ்ட் டு பி’ இரண்டும் இதே ரகம். ‘திஸ் டோர் ஆல்வேஸ் ஹேஸ் டு பி புஷ்ட்.’ ‘லெட்டர்ஸ் ஆல்வேஸ் யூஸ்ட் டு பி ரிட்டன் பை ஹேண்ட்.’

‘யெஸ், இட் இஸ் ஆல்வேஸ்’ என்று பதில் சொன்னேன், திருத்தினார்கள். ஏன்?

‘இஸ் தி ரூம் கிளீன்ட் எவ்ரி டே?’ என்று கேட்டால் பதில் ‘யெஸ், இட் ஆல்வேஸ் இஸ்.’ முக்கிய வினையைச் சொல்லாமல் துணைவினையோடு நிறுத்தும்போது வினையடை அதற்கு முன்னால் போய்விடும். ‘இட் யூஷுவலி இஸ்’, ‘இட் நெவர் வாஸ்’, ‘தே ரேர்லி ஆர்’ எல்லாமே இப்படித்தான்.

துணைவினையை அழுத்திச் சொல்லும்போதும் இந்த வரிசை வரும். ஒருவர் ‘நீங்கள் அறையைச் சுத்தமே செய்வதில்லை’ என்று குறை சொல்ல, நீங்கள் ‘இட் ஆல்வேஸ் இஸ் கிளீன்ட்!’ என்று ‘இஸ்’-ஐ அழுத்தி மறுக்கலாம். அமெரிக்க ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாமலும் ‘ஆல்வேஸ் ஹேஸ் பீன்’ போன்ற வரிசை கொஞ்சம் அதிகமாகவே கேட்கும். ஆகவே மேலே நான் சொன்ன விதியை வைத்துக்கொண்டு படங்களில் வரும் வசனத்தையெல்லாம் திருத்தக் கிளம்ப வேண்டாம்.

கேள்வி வாக்கியத்தில்?

துணைவினை முன்னால் போகும், எழுவாய் வரும், அதன் பிறகு வினையடை. ‘ஆர் தி டோர்ஸ் யூஷுவலி லாக்ட்?’ எத்தனை தடவை என்று கேட்க ‘ஹவ் ஆஃபன்’: ‘ஹவ் ஆஃபன் ஆர் தி ஃபில்டர்ஸ் சேஞ்ட்?’ இதுவரை எப்போதாவது என்று கேட்க ‘எவர்’: ‘ஹேஸ் திஸ் எவர் பீன் டெஸ்டட்?’

‘டூல்ஸ் தட் ஆர் யூஸ்ட் ஆஃபன் பிரேக்’ என்று எழுதினேன். இரண்டு விதமாகப் புரிகிறது என்கிறார்கள்.

ஆமாம், புரிகிறது. ‘அடிக்கடி பயன்படுத்தும் கருவிகள் உடையும்’ என்றும் படிக்கலாம், ‘பயன்படுத்தும் கருவிகள் அடிக்கடி உடையும்’ என்றும் படிக்கலாம். ஆஃபன் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கை கொடுக்கிறது. தீர்வு ரொம்பச் சுலபம், அதன் சொந்த இடத்துக்கு அனுப்புங்கள். முதல் பொருள் வேண்டுமானால் ‘டூல்ஸ் தட் ஆர் ஆஃபன் யூஸ்ட் பிரேக்.’ இரண்டாவது வேண்டுமானால் ‘பிரேக் ஆஃபன்’ என்று கடைசியில் வையுங்கள்.

‘ஆஃபன் கோட்டட்’ போன்றவற்றுக்கு நடுவில் சிறுகோடு போட வேண்டுமா?

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வந்தால் ஆஃபன், செல்டம், நெவர் இவற்றோடு போடுவது வழக்கம். ‘அன் ஆஃபன்-கோட்டட் லைன்’, ‘அ செல்டம்-யூஸ்ட் டோர்.’ ‘லி’ என்று முடிகிறவற்றுக்குக் கோடு வேண்டாம்: ‘அ ரேர்லி யூஸ்ட் வேர்ட்.’ முழு வாக்கியமாக ‘தி லைன் இஸ் ஆஃபன் கோட்டட்’ என்று எழுதும்போது எதற்குமே கோடு தேவையில்லை.

‘எவர்’ மட்டும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் போய் நிற்கும்: ‘தி லார்ஜஸ்ட் ஷிப் எவர் பில்ட்’, இதுவரை கட்டப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய கப்பல். ‘தட் ஹேஸ் எவர் பீன் பில்ட்’ என்பதன் சுருக்கம் அது. விரித்துப் பார்த்தால் ‘எவர்’ அங்கேயும் ‘ஹேஸ்’-க்கு அடுத்துதான் நிற்கிறது.